யாரும் பார்க்காத இடத்தில் ஒரு மூச்சு

ஒப்லாதோஸ் பேட்டையில் போய் மக்லோவியா வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். முக்கு ரொட்டி விற்கிற சிரிலோவின் மகள் வீடு என்று கேளுங்கள், தெருநாய்கூட முன்னால் நடந்து வழிகாட்டும்.

தோன் சிரிலோ என்று எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுகிற சிரிலோவின் வண்டி தேவாலயத்து மதிலை ஒட்டி நிற்கும். பிரோத்தே என்கிற நீள ரொட்டியை வகுந்து, உள்ளே பன்றி வறுவலை அடைத்து, தக்காளியும் காய்ந்த மிளகாயும் அரைத்த குழம்பில் முழுசாக முக்கித் தருவார். குழம்பில் கிடந்தாலும் அந்த ரொட்டி கரையாது. எங்கள் குவாதலஹாரா ஊர்க் காற்றில் மட்டும்தான் ரொட்டிக்கு அந்த முறுகல் வரும். தலைநகரத்திலும் செய்து பார்க்கிறார்கள், சொதசொதவென்று கையோடு வருகிறது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

வண்டியின் மறுகோடியில் அவர் மனைவி தோமாசா ஜெல்லி விற்பாள். பால் ஜெல்லி, ஸ்ட்ராபெரி ஜெல்லி, கண்ணாடித் துண்டு மாதிரி கலர் கலராக வெட்டிப் போட்ட ஜெல்லி. மிளகாயில் நாக்கு எரிந்தவன் நாலடி நடந்து அவளிடம் வந்துதானே ஆகவேண்டும்? புருஷன் எரிக்கிறான், பெண்டாட்டி அணைக்கிறாள் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர்களுக்கு வியாபாரம் நடந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவே வளர்ந்தவள் மக்லோவியா. சின்ன வயசிலிருந்தே குழம்புப் பானையைத் தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள் அகன்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் கதவு என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வருவாள். "கதவு இல்லாத வீட்டுல எவன் இருப்பான்? போயி சாப்பிடு" என்பாள் தோமாசா.

அந்தத் தோளைப் பார்த்துக் கண் விரிந்தவள் ஒரே ஒருத்திதான். மாநில நீச்சல் குளத்தில் கலை நீச்சல் சொல்லிக்கொடுக்கும் எர்லிந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி தின்ன வந்தவள், பொங்கி வழிந்த பானையை அந்தப் பெண் ஒரே மூச்சில் இறக்கி வைத்ததைப் பார்த்துவிட்டுக் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"தோன் சிரிலோ, உங்க மகளை எனக்குக் குடுங்க."

"எதுக்கும்மா? கல்யாணத்துக்கா?"

"தண்ணிக்குள்ள நிக்க."

அப்படித்தான் போனாள்.

கலை நீச்சல் என்றால் எங்கள் தெருவுக்கு ஒரே சிரிப்பு. இசைக்குத் தண்ணீரில் ஆடுவார்கள், பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள், மூக்கில் கவ்வி மாட்டியிருப்பார்கள். வண்டிக்கு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "துணி காயப்போடுற கிளிப்பை மூக்குல மாட்டிக்கிட்டு ஆடுறதுக்கு ஒலிம்பிக்குல மெடலா? எங்க வீட்டுக் கொடியிலகூடத்தான் நிறைய இருக்கு, எங்களுக்கும் குடுப்பாங்களா?" என்பார்கள். பஸ் நிறுத்தத்தில் மக்லோவியா கண்ணை மூடிக்கொண்டு கையால் காற்றைத் துழாவி, தலையைச் சடக்கென்று திருப்பி, விரலைக் கால் மாதிரி மேலே நீட்டி ஆட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். கலை நீச்சல்காரிகள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. பார்த்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

அது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? கஷ்டமெல்லாம் தண்ணீருக்குக் கீழே அல்லவா நடக்கிறது. குளத்தின் தரையில் கால் படக்கூடாது. பட்டால் மதிப்பெண் போச்சு. அதனால் மேலே கழுத்து அசையாமல் நிற்க, கீழே இரண்டு காலும் முட்டை அடிக்கிற மாதிரி ஓயாமல் சுழல வேண்டும். தலைகீழாகப் போனால் மூச்சு கிடையாது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும்போதுதான் வெளியே வந்து சிரிக்கவேண்டும். மூச்சு வாங்குவது தெரியக்கூடாது, வாயைப் பிளந்து காற்றை விழுங்கக்கூடாது. ஓட்டப்பந்தயக்காரன் ஓடி முடித்துக் குனிந்து இளைத்தால் எல்லாரும் பாவம் என்கிறார்கள். இவள் இளைத்தால் குறை என்று எழுதிக்கொள்கிறார்கள். என்ன நியாயமோ.

அதிலும் மக்லோவியாவுக்குக் கிடைத்தது யாரும் பார்க்காத இடம். ஆட்டத்தின் கடைசியில் நொயெமி என்று ஒரு பெண் தண்ணீரிலிருந்து பறப்பாள். சிட்டுக்குருவி எடைதான் இருப்பாள். அம்பு மாதிரி கிளம்பி, காற்றில் ஒரு கரணம் போட்டு விழுவாள். கூட்டம் முழுக்க அவளுக்குத்தான் கைதட்டும். அவள் எதன்மேல் நின்று கிளம்புகிறாள்? மக்லோவியாவின் தோள்மேல். தண்ணீருக்கடியில் மக்லோவியா முழங்காலை மடக்கி இருப்பாள். மற்றப் பெண்கள் அவளுக்கும் கீழே போய் அவள் பாதத்தைக் கையால் ஏந்தித் தள்ளுவார்கள். அவள் மொத்த உடம்பையும் நிமிர்த்தி நொயெமியை எறிவாள். எறிந்த வேகத்தில் நொயெமி மேலே போவாள், மக்லோவியா கீழே போவாள். ஒருத்திக்கு விளக்கு வெளிச்சம், ஒருத்திக்கு இருட்டு.

நொயெமி நல்ல பெண், அதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்ததும், "என் தாயே, உன் தோளு வாழ்க" என்று மக்லோவியாவின் கன்னத்தைக் கிள்ளுவாள்.

தேசிய அணித் தேர்வுக்கு முந்தைய வருஷம் ஒரு பயிற்சியின்போது அது நடந்தது. நொயெமியை எறிந்துவிட்டுக் கீழே போன மக்லோவியா மேலே வரவில்லை. மூச்சை அடக்கி அடக்கி, தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிட்டாள். எர்லிந்தா போட்ட உடுப்போடு குதித்து இழுத்து வந்தாள். கரையில் கிடத்தியதும் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். திறந்ததும் அவள் கேட்டது, "நொயெமி சரியா விழுந்தாளா?"

சிரிலோ அன்றைக்கு வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் நின்று, வண்டியில் கட்டுகிற மேலங்கியை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"இதோட போதும்."

"அப்பா, அடுத்த வருஷம் தேசிய அணிக்கு ஆள் எடுக்கறாங்க. அது வரைக்கும்."

"செத்துப் போயிட்டா எந்த அணிக்குப் போவே?"

"அதுவரைக்கும்ப்பா. தேர்வன்னிக்கு நீங்களே வந்து பாருங்க."

சிரிலோ யோசித்தார். "சரி. வர்றேன். பாக்கறேன். அன்னிக்கு எனக்குப் பயம் வந்துச்சுன்னா, அன்னியோட முடிஞ்சுது. மறுபேச்சு கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். வாக்குக் கொடுத்தால் தப்பமாட்டாள் அந்தப் பெண், அது அவள் அப்பனிடமிருந்து வந்தது.

அந்த வருஷம் முழுக்க எர்லிந்தா சும்மா இருக்கவில்லை. மயக்கத்துக்குப் பிறகு அவளுக்கும் தூக்கம் போயிருந்தது. ஆட்டத்தைப் பிரித்துப் புதிதாகக் கோத்தாள். நொயெமி விழும்போது ஒரு பெரிய நீர்ச்சிதறல் எழும்பும் அல்லவா, அதற்குப் பின்னால் மக்லோவியா மேலே வந்து ஒரு மூச்சு எடுத்துவிட்டு மறுபடி முழுகவேண்டும். நடுவர்களுக்கும் தெரியாது, கூட்டத்துக்கும் தெரியாது. "அந்த மூச்சை எடுக்காம விட்டியோ, உன்னை நான் சேர்க்கவே மாட்டேன்" என்றாள். மக்லோவியா ஒரு தடவைகூட அதைத் தவறவிட்டதில்லை. ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. மயக்கத்தைப் பற்றி வாயெடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார்.

தேர்வு நாளும் வந்தது.

போட்டியன்றைக்குப் பெண்கள் முடியை இழுத்துக் கொண்டை போட்டு, அதன்மேல் ஜெலட்டின் பூசுவார்கள். இனிப்பும் நிறமும் சேராத வெறும் பொடியை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் பூசினால், காய்ந்து முட்டை ஓடு மாதிரி இறுகிப் பளபளக்கும். சர்க்கரை சேராத வரைக்கும் குளத்துத் தண்ணீருக்கு அசையாது. வெந்நீர் ஊற்றினால்தான் இளகும். ஜெல்லிக்காரி மகள் இருக்கிற அணியில் இந்த வேலை யாருக்குப் போகும்? தோமாசாதான் அத்தனை பேருக்கும் பூசுவாள்.

அன்றைக்கு அவள், பெண்கள் ஆட்டம் முடிந்து தின்னட்டும் என்று விடிகாலையிலேயே ஒரு பெரிய பாத்திரம் பால் ஜெல்லி செய்துவிட்டாள். பாசம்தான், வேறென்ன. வெறும் ஜெலட்டின் பாதி அதில் போய்விட்டது. குளத்துக்கு வந்து ஒவ்வொரு தலையாகப் பூசிக்கொண்டு வந்து, கடைசியில் சொந்த மகளின் தலைக்கு வரும்போது கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

"அம்மா, தீந்து போச்சா?"

"எனக்கா தீரும்? தலையைக் குனி."

பைக்குள் ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடி ஒரு பொட்டலம் கிடந்தது. தோமாசா ஒரு நொடிதான் யோசித்தாள். ஜெல்லி என்றால் ஜெல்லிதானே. கருகருவென்ற முடியில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அதைக் கரைத்து முதல் பூச்சாகப் பூசினாள். மீதமிருந்த வெறும் ஜெலட்டினை மேலே பூசி மூடினாள். காய்ந்ததும் பார்த்தால் மற்றத் தலைகளைவிட இந்தத் தலைதான் மினுங்கியது.

"ஏம்மா பழ வாசனை வருது?"

"உன் அதிர்ஷ்டம் பழுத்திருக்கு. போடி."

சிரிலோ வண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். குழம்புக்கறை படிந்த மேலங்கியைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். மேல்வரிசையில் போய் உட்கார்ந்தார். தோமாசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கெழவா, மூச்சு விடு. அவதான் அடக்கணும், நீ இல்ல."

"சும்மா இரு கெழவி. எங்கே இருக்கா அவ?"

"அதோ, கடைசியில. அகலமா."

இசை தொடங்கியது. பெண்கள் வரிசையாக முழுகினார்கள். கால்கள் மட்டும் மேலே வந்தன, ஒரே செடியில் பூத்த மாதிரி. சிரிலோவுக்கு எந்தக் கால் தன் மகளுடையது என்று தெரியவில்லை. கால் உள்ளே போகும்போதெல்லாம் அவர் கை இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. தலை வெளியே வரும்போதெல்லாம் விட்டது.

தண்ணீருக்குள் மக்லோவியா பயப்படவில்லை. குளத்துச் சுவரில் பொருத்திய ஒலிபெருக்கியிலிருந்து இசை அவள் எலும்பில் வந்து மோதியது. தொடை எரிந்தது. வயிறு ஒருமுறை தானாக வெட்டியது. உடம்பு காற்று கேட்கிற அடையாளம் அது. இன்னும் கொஞ்சம், நொயெமியை அனுப்பிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அதைச் சமாதானப்படுத்தினாள். முழங்காலை மடக்கினாள். கீழே கைகள் அவள் பாதத்தை ஏந்தின. நொயெமியின் கால் தோளைத் தேடி வந்தது. அன்றைக்கு அவளுக்கும் பதற்றம். குதிகால் வழுக்கி மக்லோவியாவின் கொண்டையில் இடித்துவிட்டுத்தான் தோளில் போய் ஊன்றியது.

கொண்டையின் மேலிருந்த ஜெலட்டின் ஓடு விரிசல் விட்டது. மக்லோவியாவுக்கு அது தெரியாது. அவள் நிமிர்ந்தாள். நொயெமி பறந்தாள்.

கூட்டம் ஓவென்று கத்தியது. சிரிலோ பறந்தவளைப் பார்க்கவில்லை. அவள் கிளம்பிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலத் தண்ணீரில் அங்கே ஒரு சிவப்பு நூல் பிரிந்தது. பிறகு அது புகை மாதிரி விரிந்தது.

"ரத்தம்" என்றார்.

நொயெமி விழுந்தாள், தண்ணீர் சிதறி எழும்பியது. அதற்குப் பின்னால் மக்லோவியா மேலே வந்து, ஒரு மூச்சு இழுத்து, மறுபடி முழுகினாள். சிரிலோ இருந்த பக்கத்திலிருந்து அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது சிவப்பு, சிவப்புக்குக் கீழே மகள், மேலே வராத மகள்.

"தோமாசா, அவ வரல. மேல வரல!"

தோமாசா பதில் சொல்வதற்குள் அவர் படிகளில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தார். கண் படியில் இருந்ததால் கடைசிக் காட்சியை அவர் பார்க்கவே இல்லை. எல்லாத் தலைகளும் வட்டமாக எழும்பின, மக்லோவியாவின் தலையும்தான். நெற்றியில் சிவப்பு வழிய அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். இசை நின்றது. இசை நின்ற அதே மூச்சில், கனத்த தோல் காலணியும் மேலங்கியுமாக, நீச்சல் தெரியாத சிரிலோ ஆழமான பக்கம் குதித்தார்.

தண்ணீருக்குள் போனதும் கால் தரையைத் தேடியது. தரை இல்லை. கையை வீசினார், காலை உதைத்தார். எவ்வளவு உதைத்தாலும் தண்ணீர் நழுவிக்கொண்டே போனது. வாய்க்குள் குளோரின் போனது. இங்கேயா இந்தப் பிள்ளை நின்றுகொண்டு சிரிக்கிறது என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியதாம், அவரே பிறகு வண்டிக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

அப்போது அவருக்குக் கீழே ஏதோ வந்தது. தோள். அகலமான தோள். அவர் தொடைகளுக்குக் கீழே புகுந்து, கணுக்காலைப் பிடித்து, அவரை அப்படியே மேலே தூக்கியது. தோன் சிரிலோ இடுப்பு வரைக்கும் தண்ணீருக்கு மேலே வந்தார். மேலங்கியிலிருந்து தண்ணீர் கொட்டியது. கூட்டம் அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது.

கரையோரம் கொண்டுபோய்ச் சேர்த்து, அவர் ஒரு கையை விளிம்பில் வைத்த பிறகுதான் மக்லோவியா தலையை வெளியே எடுத்தாள். அவருடைய மற்றக் கை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அப்பா! பைத்தியமா உங்களுக்கு? கழுத்தை விடுங்க, நான் எங்கயும் போகல."

"தலை... உன் தலை உடைஞ்சிருச்சு, ரத்தம்..."

"எந்த ரத்தம்?"

அவர் விரலால் அவள் நெற்றியைத் தொட்டார். விரல் பிசுபிசுத்தது. முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்தார். இத்தனை வருஷம் ஜெல்லிப் பாத்திரத்தை வழித்துத் தின்ற மனுஷனுக்கு அடையாளம் தெரியாதா? குளம் முழுக்க எதிரொலிக்கும்படி கத்தினார்:

"தோமாசா! ஸ்ட்ராபெரி!"

மேல்வரிசையில் தோமாசா முகத்தைக் கைப்பையால் மூடிக்கொண்டாள். "எனக்கென்ன தெரியும், நல்லாத்தானே ஒட்டியிருந்துச்சு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அந்தம்மா யாரென்றே அவளுக்குத் தெரியாது.

நொயெமி நீந்தி வந்து மக்லோவியாவின் தலையை முகர்ந்து பார்த்து, சிரிப்பில் ஒருமுறை முழுகி எழுந்தாள். எர்லிந்தா மட்டும் சிரிக்கவில்லை. நடுவர்கள் ஒன்றுகூடிக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது வெளியாள் குளத்தில் இறங்கினால் ஆட்டமே செல்லாது. சிரிலோவுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. கரையில் உட்கார்ந்து, காலணியில் இருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, "நான் கெடுத்துட்டேன், நானே கெடுத்துட்டேன்" என்று முணுமுணுத்தார். பெண்கள் ஈரத்தோடு கைகோத்து நின்றார்கள்.

தலைமை நடுவர் ஒலிவாங்கியை எடுத்தார். ஐயா இறங்கியது இசை நின்ற பிறகு என்றார். ஆட்டம் செல்லும் என்றார். ஐயாவுக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது என்று ஒரு வார்த்தை சேர்த்தார். பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்தார்கள். சாயங்காலம் பெயர் வாசித்தபோது தேசிய அணிக்கு மூன்று பேர். நொயெமி, இன்னொருத்தி, மக்லோவியா.

ஆனால் மக்லோவியாவின் முகம் தெளியவில்லை. அவள் கொடுத்த வாக்கு அப்படியே கிடந்ததே. அப்பாவுக்குப் பயம் வந்தால் அன்றோடு முடிந்தது. வந்தது என்று ஊரே பார்த்துவிட்டது.

பஸ்ஸில் சிரிலோ ஈரக் கால்சட்டையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டார். மகளை முக்காலியில் உட்காரவைத்து, குழம்பு மொள்ளுகிற கரண்டியாலேயே மொண்டு அவள் தலையில் ஊற்றினார். சிவப்பாக வழிந்தது.

"சூடு போதுமா?"

"போதும்ப்பா."

"கீழ எதுமேல நின்னு என்னைத் தூக்கினே?"

"எதுமேலயும் நிக்கல."

"பொய் சொல்லாதே. தரை இருந்திருக்கும்."

"நீங்களே தேடிப் பாத்தீங்களே, இருந்துச்சா?"

அவர் இன்னொரு கரண்டி ஊற்றினார். ஓடு இளகி அவர் விரலில் வந்தது.

"அப்பா, உங்களுக்குப் பயம் வந்துச்சு."

"வந்துச்சு. என் ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தெரியும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள், அந்த ஒரு மூச்சைப் பற்றி. நொயெமி விழுந்ததும் தண்ணீர் சிதறும், அதற்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இடத்தில், ஒவ்வொரு தடவையும், தவறாமல். சிரிலோவின் கரண்டி நின்றது.

"இன்னிக்கும் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"நான் படியில ஓடுறப்பவா?"

"அதுக்கும் முன்னாடி. நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ளயே எடுத்திருப்பேன்."

"எந்தப் பக்கம் உக்காந்தா தெரியும்?"

"நடுவருக்கு எதிர்ப்பக்கம். கடைசி வரிசை. அங்க யாரும் உக்கார மாட்டாங்க, தூண் மறைக்கும்."

சிரிலோ பெருமூச்சு விட்டார். அன்றைக்கு முழுக்க உள்ளே பிடித்து வைத்திருந்த காற்றெல்லாம் அதில் போயிற்று. மகளின் ஈரத்தலையில் கையை வைத்து, மிச்சமிருந்த ஜெல்லியை வழித்து எறிந்தார்.

"பயம் வந்தது என் தப்பு. சரியான எடத்துல உக்காரல. தப்பான எடத்துல உக்காந்து வந்த பயத்தைக் கணக்குல எடுக்க முடியாது" என்றார். பிறகு கரண்டியை மறுபடி வெந்நீரில் முக்கிக்கொண்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குப் பயிற்சி?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து தோமாசாவின் குரல் வந்தது. "ஆறு மணிக்கு! அடுத்த போட்டிக்கு வெறும் ஜெலட்டின் மூட்டையாவே வாங்கி வெச்சுடறேன்."

"நீ ஒண்ணும் வாங்க வேணாம் கெழவி. நானே வாங்கறேன்."

மக்லோவியா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று வெந்நீர் வழிந்ததில் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அதற்குப் பிறகு எந்தப் போட்டியானாலும் சிரிலோ தூணுக்குப் பின்னால், ஆள் உட்காராத அந்த மூலையில்தான் உட்காருவார். நொயெமி பறக்கும்போது கூட்டமெல்லாம் அண்ணாந்து பார்க்கும், அவர் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருப்பார். சிதறிய தண்ணீருக்குப் பின்னால் பளபளவென்று ஒரு தலை எழும்பும், வாய் திறக்கும், மறையும். அப்போதுதான் அவரும் மூச்சு விடுவார்.